விட்டவர் மீண்டும் அளவோடு தொடலாமா?

 ஆலய வரலாறு, விரத மகிமை, தோத்திரங்களின் சிறப்பு என்பன பற்றி எழுதுவதற்கு என்னிலும் வல்லவர்கள் பலர் இருக்கின்றனர். ஆகவே மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டபோது, கோயில் வீதியில் அடிக்கடி காதில் விழுகின்ற ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டேன். அது ஆலய மலருக்குப் பொருத்தமானதா என்று சிலர் யோசிக்கக்கூடும். அக்கேள்வியைக் கேட்பவர்கள் பெரும்பாலும் அருச்சனைத் தட்டுடன் நிற்கும் பெண்கள் என்பதால், பொருத்தமானது என்றே நான் கருதுகிறேன்.

"அவர் இப்ப ரெண்டு வருசமாத் தொடுறதில்ல. நல்லநாள் பெருநாளில ஒரு சொட்டு எடுத்தா என்ன செய்யும்? அளவோட எடுக்கலாம் எண்டு கூட்டாளிமார் சொல்லுறாங்க. உண்மையா?"

இதற்கு "கூடவே கூடாது" என்று ஒரு வரியில் பதில் சொல்லிவிட்டுப் போகலாம். அப்படிச் சொல்பவர்களே அதிகம். ஆனால் கேட்பவர் மனதில் அந்தப் பதில் நிற்பதில்லை. ஏனெனில் அவர் தன் கண்ணாலேயே யாரோ ஒருவர் விட்டுவிட்டுப் பின்பு அளவோடு எடுத்துக்கொண்டு நன்றாக இருப்பதைக் கண்டிருப்பார். எனவே கேள்வியைச் சற்றுப் பொறுமையாகப் பார்ப்போம்.

குடிக்கின்றவர் எல்லோரும் குடிநோயாளர் அல்லர். போத்தலில் பாதி இருக்க மூடி வைத்துவிட்டுப் படுக்கப் போகின்றவரும் எமது ஊரில் உண்டு. அவருக்கும் ஈரல் கெடலாம், கடன் ஏறலாம். ஆயினும் இக்கட்டுரை அவரைப் பற்றியதன்று. முதல் மிடறு உள்ளே போனதும் இரண்டாவது மிடறு பற்றிய தீர்மானம் தன் கையை விட்டுப் போய்விடுகின்றவர். விடியற்காலையில் கை நடுங்கி, அந்த நடுக்கத்தை நிறுத்துவதற்காகவே மறுபடி தவறணைக்குப் போனவர். மனைவியின் காதில் கிடந்ததையும், விதைநெல்லையும், சிலர் வலையையும் கூட விற்றுக் குடித்தவர். பின்பு வைத்தியராலோ, நேர்த்தியாலோ, பிள்ளை சொன்ன ஒரு சொல்லாலோ அதை விட்டவர். அவரைப் பற்றியதே எமது கேள்வி.

எமது பகுதியில் இத்தகையவர்கள் எப்படி உருவானார்கள் என்பதை நாம் அறிவோம். 2004 ஆம் ஆண்டு ஆழிப்பேரலை, 2006 ஆம் ஆண்டு யுத்தமும் இடப்பெயர்வும், அதன்பின் கிளிவெட்டி, பட்டித்திடல், கட்டைபறிச்சான் ஆகிய இடங்களில் கூடாரத்துக்குள்ளே கழிந்த ஆண்டுகள். சம்பூர் மக்கள் தமது காணிகளுக்குத் திரும்பத் தொடங்கியதே 2015 இல். வயலும் தோணியும் இல்லாமல் நாள் முழுவதும் சும்மா இருந்த ஆண்களில் எத்தனையோ பேர் முகாமிலேதான் பொழுது சாய்வதற்கு முன் குடிக்கப் பழகினார்கள். இதைச் சொல்வது அவர்களுக்கு நியாயம் கற்பிப்பதற்காக அன்று. நோய் எங்கிருந்து வந்தது என்பதை அறிந்தால்தான் அது போய்விட்டதா என்பதையும் கேட்க முடியும்.

திருவள்ளுவர் கள்ளுண்ணாமைக்கு 93 ஆம் அதிகாரம் முழுவதையும் ஒதுக்கினார். திருமூல நாயனாரும் திருமந்திரத்தின் முதல் தந்திரத்திலே கள்ளுண்ணாமையைத் தனியாக எடுத்துப் பேசினார். குடியின் இழிவை அவர்களைவிட நன்றாக எவரும் சொல்லிவிட முடியாது. ஆனால், குடித்து அழிந்து மீண்ட ஒருவன் இனி அளவோடு குடிக்கலாமா என்ற கேள்விக்கு அங்கே நேரான விடை கிடையாது. அதற்கு நாம் பாரதக் கதைக்குத்தான் போக வேண்டியிருக்கிறது. அதற்கு முன்னர் விரதத்தைப் பற்றி ஒரு வார்த்தை.

எமது ஆண்கள் பலர் விரதம் பிடிக்கும்போது சொட்டும் தொடமாட்டார்கள். ஐயப்பனுக்கு மாலை போட்டால் 41 நாள். அம்பாளின் சடங்குக்குக் கதவு திறந்து காப்புக் கட்டினால், காப்பு அவிழ்க்கும் வரை. செல்வச்சந்நிதியிலிருந்து திருகோணமலை, வெருகல் வழியாகக் கதிர்காமம் நோக்கிப் பாதயாத்திரை போகின்றவர்கள் வாரக்கணக்காக அந்த எண்ணமே இல்லாமல் நடக்கின்றார்கள். இது பெரிய காரியம். இதை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும் மாலை கழற்றிய அன்று மாலையே சிலரைக் காணும் இடம் எதுவென்று எல்லோருக்கும் தெரியும். அவரிடம் கேட்டால், "நான் குடிகாரன் எண்டா 41 நாள் விட்டிருப்பனா? நினைச்சா நிப்பாட்டுவன், நினைச்சா எடுப்பன்" என்பார்.

இங்கேதான் தவறு இருக்கிறது. குடிக்காமல் இருக்கும் வல்லமையும், குடிக்கத் தொடங்கியபின் அளவிலே நிற்கும் வல்லமையும் ஒன்றல்ல. அவை வெவ்வேறான இரண்டு வல்லமைகள். முதலாவது விரதத்தினால் வளரும். இரண்டாவதுதான் இந்த நோயிலே பழுதுபட்டுப் போகின்றது. முதலாவது இருக்கின்றது என்பதைச் சாட்சியாகக் காட்டி இரண்டாவதும் இருக்கின்றது என்று வாதிடுவது, கால் நன்றாக நடக்கின்றது, ஆகவே கண்ணும் தெரியும் என்று சொல்வதைப் போன்றது. விரதம் ஒருவனுக்குக் காட்டித் தருவது அவனால் வாழ்நாள் முழுவதும் விட முடியும் என்பதைத்தான். அவர் அதிலிருந்து எடுத்துக்கொள்ளும் முடிவோ நேர் எதிரானதாக இருக்கின்றது.

(இவ்விடத்தில் ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். நாள்தோறும் காலை முதல் குடித்து வந்தவர் மாலை போடும் ஆர்வத்தில் ஒரேயடியாக நிறுத்துவது உயிருக்கு ஆபத்தானது. முதல் நாள் நடுக்கமும் வியர்வையும் தொடங்கும். ஓரிரு நாளில் வலிப்பு வரலாம். இரண்டாம், மூன்றாம் நாளில் இல்லாததைக் கண்டு பிதற்றலாம். அதைத் தெய்வக் குற்றம் என்றோ பேய் என்றோ எண்ணி வீட்டில் வைத்துக்கொண்டிருக்கக் கூடாது. மாலை போடுமுன் வைத்தியரைக் காண வேண்டும்; மருந்துடன் நிறுத்தலாம்.)

இனிப் பாரதத்திற்கு வருவோம். தருமபுத்திரர் சூதாடி நாட்டையும் தம்பியரையும் தன்னையும் திரௌபதையையும் தோற்ற கதை எமது சிறுவர்களுக்கும் தெரியும். பலர் மறந்துவிடுவது அதற்கு அடுத்ததாக நடந்ததை. துகிலுரியும் கட்டத்தில் கூத்துக் கொட்டகையே கலங்கிவிடுவதாலோ என்னவோ, பின்னால் நடந்தது மனதில் தங்குவதில்லை. வியாசர் சொல்வதன்படி, திருதராட்டிரன் திரௌபதைக்கு வரங்கொடுத்தான். இழந்தவை யாவும் திரும்பிக் கிடைத்தன. பாண்டவர்கள் தேரேறி இந்திரப்பிரத்தத்துக்குப் புறப்பட்டும் விட்டார்கள். வழியில் தூதன் வந்து, இன்னும் ஒரே ஓர் ஆட்டம் ஆட வருமாறு அழைக்கிறான். தருமர் திரும்பிப் போகிறார். அந்த ஒரே ஓர் ஆட்டத்தில்தான் 12 ஆண்டு வனவாசமும் ஓராண்டு அஞ்ஞாதவாசமும் வந்தன.

முதற் சூதுக்கு ஆயிரம் காரணம் சொல்லலாம். சகுனியின் வஞ்சகம் தெரியாது என்றும் சொல்லலாம். இரண்டாவது சூதுக்குச் சொல்ல என்ன இருக்கின்றது? எல்லாம் தெரிந்தபின், எல்லாம் திரும்பிக் கிடைத்தபின் போனார். தருமத்தின் உருவமானவருக்கே அது நேர்ந்தது என்று வியாசர் எழுதி வைத்திருப்பதை நான் அடிக்கடி நினைப்பதுண்டு. மீண்டவர் மறுபடி விழுந்தால் "மானங்கெட்டவன், மனச்சாட்சி இல்லாதவன்" என்று நாம் எளிதாகத் தூற்றுகிறோம். தருமரை அப்படிச் சொல்வோமா?

ஆனால் அதே பாரதம் மறுபக்கத்தையும் காட்டுகின்றது என்பதை மறைக்கக் கூடாது. வனவாசத்தில் பிருகதசுவ முனிவர் தருமருக்கு நளன் கதையைச் சொல்லிச் சூதின் சூட்சுமத்தையும் கற்பிக்கிறார். பின்பு விராடன் சபையிலே கங்கன் என்ற பெயரில் அரசனோடு சூதாடுவதையே தொழிலாகக் கொண்டு தருமர் ஓராண்டை ஓட்டினார். அங்கே எதையும் தோற்று அழியவில்லை. நளனும் அப்படியே. கலி நீங்கியபின் புட்கரனோடு மறுபடி ஆடி, இழந்த நாட்டை வென்றான். ஆகவே, ஒருமுறை அழிந்தவன் மறுபடி தொட்டால் அழிந்தே தீருவான் என்று புராணம் சொல்லவில்லை. கூட்டாளிமார் இதையும் ஒரு சாட்சியாக எடுத்துக்கொள்ளலாம். எடுத்துக்கொண்டால், கதையை முழுவதுமாக எடுத்துக்கொள்ள வேண்டும். கங்கனாக ஆடியபோது தருமர் கையில் பணயம் வைக்க நாடுமில்லை, மனைவியுமில்லை. அவர் பிறர் வீட்டில் ஊழியர். அப்படி இருந்தும் விராடன் கோபத்தில் எறிந்த சூதுக்காய் பட்டு அவர் மூக்கிலிருந்து இரத்தம் ஒழுகியது. நளனுக்கோ, கலி தன் உடம்பை விட்டு வெளியேறுவதைக் கண்ணால் காணும் பேறு கிடைத்தது. கார்க்கோடகனின் நஞ்சைக் கக்கிக்கொண்டு அது வெளியே வந்து அவன் முன் நின்றது. அதன்பிறகே அவன் காயைத் தொட்டான்.

எமது ஊரில் குடியை விட்டவர்களுக்கு அந்தப் பேறு கிடையாது. கலி போய்விட்டதா, உள்ளே சுருண்டு படுத்திருக்கிறதா என்பதைக் காட்டும் பரிசோதனை எந்த வைத்தியசாலையிலும் இல்லை. இரத்தத்தைப் பரிசோதித்து ஈரலின் நிலையைச் சொல்லலாம். மீண்டும் தொட்டால் அளவில் நிற்பாரா என்பதைச் சொல்ல முடியாது. அதை அறிய ஒரேயொரு வழி குடித்துப் பார்ப்பது. அந்தப் பரிசோதனைக்குப் பணயமாக வைக்கப்படுவது பிள்ளைகளின் பள்ளிக்கூடமும் மனைவியின் நித்திரையும்.

கலி நளனுக்குள் புகுவதற்கு 12 ஆண்டு காத்திருந்ததாம். ஒருநாள் கால் கழுவுவதில் நேர்ந்த சிறு குறையின் வழியே உள்ளே நுழைந்தது. காத்திருப்பதில் இந்த நோயும் அத்தகையதே. 1935 ஆம் ஆண்டு அமெரிக்காவில் இரண்டு குடிநோயாளர்கள் சேர்ந்து தொடங்கிய 'அல்கஹோலிக்ஸ் அனோனிமஸ்' என்ற அமைப்பு, தமிழிலும் கூட்டங்கள் நடத்தும் அளவுக்கு இன்று உலகெங்கும் பரந்துள்ளது. 1939 இல் அவர்கள் வெளியிட்ட நூலிலே ஒருவருடைய கதை வருகின்றது. 30 வயதில் குடியின் கேட்டை உணர்ந்து விட்டவர், 25 ஆண்டுகள் ஒரு சொட்டும் தொடாமல் தொழிலில் உயர்ந்தார். 55 வயதில் ஓய்வு பெற்றதும், இத்தனை காலம் விட்ட எனக்கு இனி என்ன என்று போத்தலைத் திறந்தார். இரண்டு மாதத்தில் வைத்தியசாலை. நான்கு ஆண்டுகளுக்குள் மரணம். 25 ஆண்டு என்பது ஒரு பிள்ளை பிறந்து வளர்ந்து கலியாணம் முடிக்கும் காலம்.

அறிவியலார் என்ன சொல்கின்றனர்? அவர்களுக்குள்ளும் இது பெரிய வழக்காகவே நடந்தது. 1962 இல் டி. எல். டேவிஸ் என்ற வைத்தியர், இலண்டன் மோட்ஸ்லி வைத்தியசாலையில் குடிநோய்க்குச் சிகிச்சை பெற்ற 93 பேரில் 7 பேர் பல ஆண்டுகளாக அளவோடு குடித்து நலமாக இருக்கின்றனர் என்று எழுதினார். அதுவரை முடியவே முடியாது என்றிருந்த உலகம் அதிர்ந்தது. பின்பு கிரிபித் எட்வேர்ட்ஸ் என்பவர் அந்த 7 பேரையும் தேடிப் போய் விசாரித்து 1985 இல் வெளியிட்டார். 5 பேர் டேவிஸ் சொன்ன அதே காலத்திலும் அதற்குப் பின்னரும் குடியால் அல்லற்பட்டிருந்தனர். தொல்லை இல்லாமல் குடித்தவர்கள் இருவரே. அவர்களிலும் ஒருவர் ஆரம்பத்திலேயே கடுமையான நோயாளியாக இருந்தவரல்லர். முதலில் விசாரித்தபோது அந்த ஐவரும் நன்றாக இருக்கிறோம் என்று சொல்லியிருப்பார்கள் போலும். குடிப்பவர் வைத்தியரிடம் சொல்லும் கணக்கு எப்படிப்பட்டது என்பதை எமது தாய்மார் அந்த ஆய்வாளர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கலாம்.

அதைவிடப் பெரிய ஆய்வு ஒன்று அமெரிக்காவில் 2001 – 2002 இல் நடந்தது. முன்னர் எப்போதோ குடிக்கு அடிமையாக இருந்த 4,000 க்கும் மேற்பட்டவர்களில் நூற்றுக்குச் சுமார் 18 பேர் முழுவதுமாக விட்டிருந்தனர். ஏறக்குறைய அதேயளவானோர், நூற்றுக்குச் சுமார் 18 பேர், ஆபத்தில்லாத அளவோடு குடித்துக்கொண்டிருந்தனர். ஆகவே "அளவோடு இருக்கிறவரை நான் கண்டிருக்கிறேன்" என்று சொல்பவர் பொய் சொல்லவில்லை. அப்படிப்பட்டவர்கள் உண்டு. ஆனால் மூன்று ஆண்டு கழித்து மறுபடி விசாரித்தபோது, முழுவதுமாக விட்டிருந்தவர்களில் நூற்றுக்குச் சுமார் 7 பேருக்கே நோயின் அறிகுறிகள் திரும்பியிருந்தன. அளவோடு குடித்தவர்களிலோ நூற்றுக்குச் சுமார் 27 பேருக்குத் திரும்பியிருந்தன. ஏறத்தாழ நான்கு மடங்கு. அந்த ஆய்வில் இடம்பெற்றவர்களில் பெரும்பாலோர் வைத்தியசாலைப் பக்கமே போகாதவர்கள், பலர் நோய் முற்றாதவர்கள் என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும். காலை நடுக்கத்துக்குக் குடித்தவரின் நிலை இதிலும் மோசமாகவே இருக்கும்.

அளவோடு குடிக்கப் பழக்குவதற்கென்றே 1994 இல் அமெரிக்காவில் ஓர் இயக்கத்தைத் தொடங்கியவர் ஓட்ரி கிஷ்லைன் என்ற பெண்மணி. முற்றிய நோயாளருக்கு இது உரியதல்ல என்று அவரே சொல்லியிருந்தார். 2000 ஆம் ஆண்டு தை மாதத்தில், தனக்கே அது சரிவரவில்லை, முற்றாக விடும் வழிக்குப் போகிறேன் என்று தன் இயக்கத்தவருக்கு அறிவித்தார். அதே ஆண்டு பங்குனியில் நிறைவெறியில் நெடுஞ்சாலையில் எதிர்த்திசையில் வாகனத்தைச் செலுத்தி மோதியதில், எதிரே வந்த ஒரு தந்தையும் அவருடைய 12 வயது மகளும் இறந்தனர். அவர் சிறை சென்றார். 2014 இல் அவரும் இறந்தார். விபத்தின்போது அவர் முற்றாக விடும் வழிக்கு மாறியிருந்தவர்தானே என்று அவருடைய பழைய இயக்கத்தார் சொல்வதிலும் நியாயம் உண்டு. ஒரு கட்சியின் வெற்றியாகக் கொள்வதற்காக நான் இதைச் சொல்லவில்லை. தான் எந்த வகை நோயாளி என்பதை, அதைப் பற்றி நூலே எழுதியவரால் கூடத் தன் விடயத்தில் கணிக்க முடியவில்லை.

தமிழர் மத்தியில் இவ்விடயத்தில் பெரும் பணி செய்தவர் சென்னையைச் சேர்ந்த சாந்தி ரங்கநாதன் அம்மையார். கணவரைக் குடிக்குப் பறிகொடுத்தவர். அந்தத் துயரோடு வீட்டில் முடங்கிவிடாமல் 1980 இல் கணவரின் பெயரிலேயே டி. டி. ரங்கநாதன் ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கினார். பின்னர் டி. டி. கே. வைத்தியசாலை என்று பெயர்பெற்ற அங்கே ஆயிரக்கணக்கான குடும்பங்கள் சிகிச்சை பெற்றன. 1992 இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளித்தது. அங்கே நோயாளியோடு குடும்பத்தவரையும் அமர்த்திப் பேசுகிறார்கள். குடி ஒரு நோய், அதற்கு அளவு என்பது கிடையாது, முற்றாக விடுவதே வழி என்பதே அவர்களுடைய போதனை. எம்மவருக்கும் அதுவே பொருந்தும் என்பது என் துணிபு.

ஆனால் அந்தப் போதனையைச் சொல்லும் விதத்திலும் ஓர் ஆபத்து உண்டு. "ஒரு சொட்டுப் பட்டால் எல்லாம் போச்சு" என்று பயமுறுத்தி வைத்தால், கால் தவறி ஒருநாள் அந்தச் சொட்டு உள்ளே போனதும் அவர் என்ன நினைக்கிறார்? எல்லாம் போய்விட்டது, இனி ஒரு சொட்டென்ன, முழுப் போத்தலென்ன என்று நினைக்கிறார். நேர்த்தி வைத்து விட்டவருக்கு இது இன்னும் கொடுமையானது. அம்பாளுக்குக் கொடுத்த வாக்கு முறிந்துவிட்டது, இனி அவள் முகத்தில் எப்படி விழிப்பது என்று கோயிலுக்கு வருவதையே நிறுத்திவிடுகிறார். அவரைத் தாங்கி நின்ற ஒரே கொப்பையும் அவரே வெட்டிவிடுகிறார். அளவோடு குடிக்கலாம் என்பது ஒரு பொய் என்றால், ஒருமுறை தவறியவர் முற்றாகக் கெட்டார் என்பதும் அதற்கு ஈடான பொய். தவறிய மறுநாட் காலையிலே குளித்துவிட்டு வந்து நிற்பவரை அம்பாள் திருப்பி அனுப்பியதாக நான் எந்தப் புராணத்திலும் படித்ததில்லை. திருப்பி அனுப்புபவர்கள் வீதியிலே நிற்கும் நாம்தான்.

தூள், ஐஸ் என்பவற்றைப் பற்றி நீண்டு பேச வேண்டியதில்லை. அவற்றில் அளவு என்ற பேச்சுக்கே இடமில்லை. ஒன்றை மட்டும் பெற்றோர் அறிந்திருக்க வேண்டும். சிறையிலோ புனர்வாழ்வு நிலையத்திலோ சில மாதம் இருந்து வந்த பிள்ளையின் உடம்பு பழைய அளவைத் தாங்கும் வல்லமையை இழந்திருக்கும். வந்த கையோடு பழைய அளவு ஹெரோயினை எடுத்தால் மூச்சு அடங்கிவிடலாம். விட்டு வந்த முதல் வாரங்களே மிகவும் ஆபத்தானவை.

இதற்கு ஒரு மறுதலையும் சரித்திரத்தில் உண்டு. வியட்நாம் யுத்தத்தில் ஹெரோயினுக்கு அடிமையாகி 1971 இல் ஊர் திரும்பிய அமெரிக்கச் சிப்பாய்களை லீ ரொபின்ஸ் என்ற பெண் ஆய்வாளர் பின்தொடர்ந்தார். திரும்பி வந்தபின் அவர்களில் சுமார் பாதிப் பேர் ஒருமுறையேனும் அதைத் தொட்டிருந்தும், மூன்று ஆண்டுகளில் மறுபடி அடிமையானவர்கள் நூற்றுக்குப் 12 பேர் அளவிலேயே இருந்தனர். உலகமே வியந்த முடிவு இது. அவர்கள் குடித்த இடத்தையும், கூடிக் குடித்தவர்களையும், அந்தப் பயத்தையும் பல்லாயிரம் மைல் தொலைவில் விட்டுவிட்டு வந்தவர்கள் என்பதே சொல்லப்படும் பெரிய காரணம். எமது ஆளுக்கு அந்த வசதி எங்கே? அதே சந்தி, அதே தவறணை, அதே ஒழுங்கை, அதே மச்சான்மார். வேலை முடிந்து வீடு வருவதற்கு வேறு பாதையும் இல்லை.

ஆகவே கேள்வி மெல்ல எம் பக்கம் திரும்புகின்றது. "அளவோடு எடுக்கலாமா" என்று விட்டவர் தானாகக் கேட்பது குறைவு. கேட்க வைப்பவர்கள் நாங்கள். கலியாண வீட்டின் பின்வளவில், "இண்டைக்கு மட்டும் ஒரு சொட்டு எடு மச்சான், என்ர மகளின்ர கலியாணம்" என்று கையில் திணிக்கிறோம். செத்த வீட்டிலே இரவு விழித்திருக்கும்போது திணிக்கிறோம். மறுத்தால், பெரிய சாமியார் ஆகிவிட்டாய் என்கிறோம். பெரும்பாலும் அன்றிரவு ஒன்றும் நடப்பதில்லை என்பதுதான் இதிலுள்ள பெரிய பொறி. ஒரு சொட்டோடு நின்று, சிரித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்வார். மறுநாள் தந்தவரும் சொல்வார், "பாத்தியா, ஒண்டும் நடக்கேல்லத்தானே." அந்த ஒன்றும் நடக்காத இரவுதான் அடுத்த மாதத்துக்கும் அதற்கடுத்த வாரத்துக்கும் அனுமதிச் சீட்டு. ஆறு மாதத்துக்குப் பின் அவர் மனைவி மறுபடி அருச்சனைத் தட்டுடன் நிற்கும்போது, அந்தக் கலியாண வீட்டை எவரும் நினைப்பதில்லை. தந்தவர் தன் அளவில் நின்றுவிட்டார். அவருக்கு அது கொண்டாட்டம். வாங்கியவர் பணயம் வைத்தது வேறு.

எமது அயலில் வாழும் முஸ்லிம் சகோதரர்கள் மதுவை முற்றாக விலக்கியவர்கள். அவர்களுடைய கலியாண வீடுகளிலும் மகிழ்ச்சிக்குக் குறைவில்லை என்பதை மூதூரில் வாழும் எமக்கு வேறு எவரும் வந்து சொல்ல வேண்டியதில்லை.

வீட்டிலே கவனிக்க வேண்டியதும் ஒன்றுண்டு. தசமூலாரிஷ்டம் முதலிய அரிஷ்டங்கள் புளிக்க வைத்துச் செய்யப்படுபவை. அவற்றில் இயல்பாகவே மதுசாரம் உண்டு. குடியை விட்டவருக்கு உடம்பு தேற வேண்டும் என்று அன்போடு அரிஷ்டம் வாங்கிக் கொடுப்பவர்கள் வைத்தியரிடம் விடயத்தைச் சொல்லி வேறு மருந்து கேட்க வேண்டும். அறுவைச் சிகிச்சையின்போதும் அவ்வாறே. வைத்தியர் தாமே அளந்து வலிக்குத் தரும் மருந்து வேறு. அது பாவமுமன்று, வாக்கு முறிவுமன்று. அங்கே அளக்கின்ற கை நோயாளியுடையதல்ல.

கடைசியாக, கோயில் சம்பந்தமான ஒன்று. சிறு தெய்வங்களுக்கு மடை வைக்கும்போது சில இடங்களில் சாராயப் போத்தலும் வைப்பது பழைய வழக்கம். மடை முடிந்ததும் அது பிரசாதமாகப் பகிரப்படுகின்றது. குடியை விட்டவர் அந்த வரிசையில் நின்றால் என்ன செய்வது? வாங்கினால் நோய், மறுத்தால் தெய்வத்தை அவமதித்ததாகிவிடுமோ என்ற பயம். இதே இக்கட்டு கத்தோலிக்கக் குருமாருக்கும் வந்தது. திருப்பலியில் திராட்சை மது இன்றியமையாதது. ஆயினும் குடிநோயிலிருந்து மீண்ட குருவானவர் ஆயரின் அனுமதியோடு, திராட்சைச் சாறு புளித்து மதுவாவதைத் தொடக்கத்திலேயே தடுத்து எடுத்த ரசத்தைப் பயன்படுத்தலாம் என்று உரோமாபுரித் திருச்சபை இடமளித்தது. 2003 ஆம் ஆண்டுச் சுற்றறிக்கையிலும் அதை உறுதிப்படுத்தியது. அத்தனை பழமையான சடங்கிலேயே ஒரு நோயாளியின் பொருட்டு வழி காணப்பட்டிருக்கிறது. எமது மடையில் வைக்கப்படும் பழம், பொங்கல், இளநீர் எதுவும் போத்தலை விடக் குறைந்த பிரசாதம் அன்று. போத்தலைப் பகிர்வதை நிறுத்தி, வரிசையில் நிற்கும் எல்லோருக்கும் இளநீரையே கொடுக்கலாமா என்பதைப் பூசகர் ஐயாவும் பரிபாலன சபையாரும் அடுத்த சடங்குக்கு முந்திய பொதுக்கூட்டத்தில் எடுத்துப் பேசுவார்களாயின், அன்று அந்த வரிசையில் யார் யார் விட்டவர்கள் என்று எவரும் எவரையும் அடையாளம் காண வேண்டியிராது.